பழைய காரில் சத்தம்: விற்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் 'பி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இடையில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறோம்.)

லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேசி எல்லோரும் களைத்துப் போயிருக்கிறீர்கள். சுண்டல் வரும் வரை பேசுங்கள் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். சுண்டல் வந்துவிட்டால் என்னைப் பார்க்க வேண்டாம், சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மின்கம்பத்தில் மாட்டும் இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை இவைதான் எங்கள் சரக்கு. சூளையிலிருந்து இறக்கிய ஒவ்வொரு உருப்படியையும் சின்னக் கட்டையால் தட்டிப் பார்ப்போம். 'ணங்' என்று மணி போல ஒலித்தால் நல்லது. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது சொல்லிவிடும். சந்தையில் நம் வீட்டுப் பெண்கள் பானையைத் தட்டி வாங்குவதும் இதே வித்தைதான். காரின் சத்தத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரிய இரண்டு வருடமும் கொஞ்சம் பணமும் செலவாயின.

என் கார் 2008 மாடல். 15 வருடம் முடிந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, இன்னும் 5 வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறேன். என்ஜினில் குறை இல்லை. சத்தம்தான் பிரச்சினை. வீட்டுக்காரம்மாவுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தியிருக்கிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கருவி பேச்சை மட்டும் பெரிதாக்காது, டயர் இரைச்சலையும் சேர்த்துக் கொடுக்கும். பரிசோதனைக்காகப் பாண்டிச்சேரி போகும்போதெல்லாம், விருத்தாசலம் தாண்டுவதற்குள் கருவியைக் கழற்றி பர்ஸில் போட்டுக்கொள்வார். அப்புறம் மந்தாரக்குப்பம், வடலூர், கடலூர் என்று ஊர் ஊராகப் போகும், நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். அவருக்குக் கேட்காது, கத்திப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிடும். இரண்டு வருடம் இப்படித்தான் போய் வந்தோம். மகன், "அப்பா, வித்துடுங்க" என்றான். விற்றால் என்ன கிடைக்கும், புதுசு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் ஒரு தப்புச் செய்தேன். கார் அலங்காரக் கடை ஒன்றில் நான்கு கதவுக்கும் 'டேம்பிங் ஷீட்' ஒட்டச் சொன்னேன். தார் மாதிரி கறுப்பாக, மேலே அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட். ஒன்பதாயிரம் ரூபாய். கதவைச் சாத்தினால் பெரிய கார் மாதிரி 'தொப்' என்று கேட்டது, சந்தோஷமாக இருந்தது. சாலையில் ஏறினால் அதே இரைச்சல். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தைக் கூட்டத்தில் கூட்டுரோட்டில் மாட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்தபோது, சாலையோர மெக்கானிக் பையன் ஒருவன் கையைக் காட்டி நிறுத்தினான். "சார், முன் வீல் சத்தம் சரியில்லை" என்றான். ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையை அதன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தான். என் கையையும் வைக்கச் சொன்னான். ஆட்டுக்கல்லில் மணல் அரைகிற மாதிரி கரகரவென்று உணர்ந்தேன். பேரிங் போயிருந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரமே லேசாக ஆடியது. அதே வண்டியில்தான் முந்தின வாரம் திருச்சி நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போய் வந்தேன், பின்சீட்டில் பேத்தி. ஒன்பதாயிரம் ரூபாய் ஷீட் நன்றாக வேலை செய்திருந்தால் அந்தச் சத்தம் வெளியே இருந்த பையனுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும், உள்ளே இருந்த எனக்குக் கேட்டிருக்காது.

அதனால் ஷீட், மேட், பஞ்சு என்று எதையும் வாங்குவதற்கு முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்போம். இதற்குச் செலவே இல்லை.

விடியற்காலையில் நெரிசல் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒரே சீராக 60-ல் போங்கள். ஒரு சில நொடி கிளட்சை மட்டும் மிதியுங்கள். என்ஜின் வேகம் இறங்கும், கார் அதே வேகத்தில் ஓடும். இரைச்சல் சட்டென்று குறைந்தால் அது என்ஜின், சைலன்சர் பக்கம். அப்படியே இருந்தால் டயர், பேரிங் அல்லது காற்று. அடுத்து, பாதை அகலமாக இருக்கும் இடத்தில் ஸ்டியரிங்கை மென்மையாக இடமும் வலமும் வளையுங்கள். வலது பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்தில் ஏறும். அப்போது முனகல் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். எப்படி வளைத்தாலும் மாறாமல், சாலையின் மேற்பரப்பு மாறும்போது மட்டும் மாறினால் அது டயர். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் 'ஊ' என்ற சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் போனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். போன் காட்டும் எண் துல்லியமானது இல்லை. ஆனால் அதே போன், அதே இடம், அதே வேகம் என்றால் முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: 3 டெசிபல் குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள், ஆனால் காதுக்கு அது சொற்ப வித்தியாசம்தான். சத்தம் பாதியாகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். பேனர் போட்டு விற்பவர்கள் "ஐம்பது சதவீதம் குறையும்" என்று சொல்லும்போது எந்தப் பாதி என்று கேளுங்கள்.

அடுத்து, காரைக் காலி செய்யுங்கள். சிரிக்காதீர்கள். என் காரிலிருந்து எடுத்தவை: டேஷ்போர்டு பெட்டியில் சில்லறைக் காசு, இரண்டு மூக்குக்கண்ணாடிக் கூடு, சீட்டுக்கு அடியில் உருண்ட தண்ணீர் பாட்டில், டிக்கியில் தளர்ந்து கிடந்த ஜாக்கி, ஸ்டெப்னியை இறுக்கும் திருகு கழன்றிருந்தது. கோயிலில் கொடுத்த பித்தளைச் சொம்பு ஒன்று ஆறு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. ஜாக்கியைப் பழைய துண்டில் சுற்றிக் கட்டினேன். பின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு துண்டு ஃபோம் டேப். 'கடகட' சத்தத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது.

டயரைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நம் மாதிரி மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர்களின் டயர் தேய்வதற்கு முன்னால் வயதாகிவிடும். ரப்பர் கல்லாகிவிடும், கல் சக்கரத்தில் மாட்டுவண்டி போகிற மாதிரிதான் கேட்கும். பட்டன் நிறைய இருக்கிறதே என்று பார்க்காமல் வயதைப் பாருங்கள். உள்ளங்கையை டயர் மேல் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம் மாதிரி தட்டினால் அலைன்மென்ட் தப்பு, இரைச்சலுக்கும் அதுதான் காரணம். காற்றைக் கூடுதலாக அடித்தால் மைலேஜ் வரும் என்று சிலர் 40 வரை அடிக்கிறார்கள். சத்தமும் குலுக்கலும்தான் வரும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். எப்படியும் டயர் மாற்றும் வேளை வந்தால், சத்தம் குறைவான மாடல் எது என்று கேட்டு வாங்குங்கள். அது தனிச் செலவு இல்லை.

இனி சைலன்சர். இங்கே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது என் தொழில் சம்பந்தப்பட்டது.

என் காரில் ஐடிலில் நிற்கும்போது அடியிலிருந்து 'சலசல' என்று ஒரு சத்தம். ஒரு ஒர்க் ஷாப்பில் கேட்டதும், "கன்வெர்ட்டர் உடைஞ்சிடுச்சு சார்" என்று சொல்லி, எனக்குத் தலை சுற்றுகிற ஒரு தொகையைச் சொன்னார்கள். வேண்டுமென்றால் அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டுத் தருகிறோம், செலவு குறைவு என்றார்கள். இந்தக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் இருப்பது என்ன தெரியுமா? பீங்கான். கார்டியரைட் என்ற வகைப் பீங்கானில் செய்த தேன்கூடு. ஒரு சதுர அங்குலத்துக்குள் பொதுவாக 400 கண்ணறைகள் இருக்கும். அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தில் 1970-களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் விற்ற புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள், அதற்காகவே ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்போது வந்தது. கார்டியரைட்டின் குணம், சூட்டில் அதிகம் விரியாது. அதனால் சிவக்கக் காய்ந்து ஆறினாலும் விரிசல் விடாது. ஆனால் ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கினாலோ, ஸ்பார்க் பிளக் சரியாக எரியாமல் பச்சைப் பெட்ரோல் உள்ளே போய் எரிந்தாலோ நொறுங்கும். அப்போது துண்டுகள் உள்ளே உருளும்.

வண்டி நன்றாக ஆறியிருந்த காலையில், கீழே படுத்து, ரப்பர் சுத்தியால் கன்வெர்ட்டரைத் தட்டினேன். சூளையில் தட்டின அதே தட்டு. உள்ளே எதுவும் உருளவில்லை. அதன் மேல் இருந்த மெல்லிய தகரம், சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு, அதுதான் ஆடியது. போல்ட் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப் இரண்டு வாங்கி, ஷீல்டையும் குழாயையும் சேர்த்து இறுக்கினேன். நூற்றிருபது ரூபாய். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது, பழசுக்கே நல்ல விலை உண்டு. உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் குழாய் போடுவது மட்டும் வேண்டாம், புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள்.

சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களையும் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், ஒவ்வொன்றும் சொற்பக் காசு. குழாயில் ஓட்டை விழுந்து 'பட பட' என்று கேட்டால் அதைச் சத்தப் பிரச்சினையாக மட்டும் நினைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாதது, காருக்குள் புகுந்தால் ஆளைத் தூங்க வைத்தே கொல்லும். அன்றைக்கே வெல்டிங் கடைக்குப் போங்கள்.

கதவுகளுக்கு வருவோம். ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாதி வெளியே தெரிய வைத்துக் கதவைச் சாத்துங்கள். நோட்டை இழுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பீடிங் படியவில்லை, காற்றும் சத்தமும் அந்த வழியாகத்தான் வருகின்றன. கதவு முழுக்க ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் சோதியுங்கள். பல நேரம் ரப்பர் கெட்டிருக்காது, தூசும் எண்ணெயும் படிந்து படுத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால், பூட்டு மாட்டுகிற 'யு' வடிவக் கம்பியை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளலாம். முதலில் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கதவு ஆடும் சத்தமும் இதிலேயே போகும். கண்ணாடி ஆடினால் அது ஓடும் பள்ளத்தில் சிலிக்கான் ஸ்பிரே.

ஓட்டை விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒரு தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கை ஈயத்தகடு வைத்து அடைத்தாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தம் குறையாது. அதனால்தான் என் ஷீட் வேலை செய்யவில்லை. முன்னே என்ஜினிலிருந்து வயர்கள் உள்ளே வரும் இடத்தில், முன்னொரு காலத்தில் செட் மாட்டியவர் போட்ட ஓட்டை ஒன்று மூடாமல் இருந்தது, கட்டைவிரல் நுழையும். தரை மேட்டைத் தூக்கினால் ரப்பர் மூடி ஒன்றையும் காணோம். இரண்டுக்கும் ரப்பர் கிராமெட் போட்டேன். ஒன்று மட்டும் கவனம்: கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் மழைத் தண்ணீர் வடிவதற்கு. அவற்றை அடைத்தால் அடுத்த ஐப்பசிக்குள் கதவு துருப்பிடித்துவிடும்.

'ஏ' பிளாக்கில் மாருதி 800 வைத்திருக்கும் அண்ணன், "அப்போ ஷீட் வேஸ்டா?" என்று கேட்கிறார். இல்லை. ஷீட் செய்வது ஒரே வேலை, தகரம் மணியாக ஒலிப்பதை நிறுத்துவது. வெளித்தகட்டை விரலால் சுண்டுங்கள். 'ணங்' என்றால் அந்த இடத்தில் ஒட்டினால் பலன் உண்டு, ஏற்கெனவே 'டொக்' என்றால் வீண். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுவில் கால்வாசி இடத்துக்கு ஒட்டினாலே ஒலிப்பது பெரும்பாலும் அடங்கும். நானே ஒட்டியிருந்தால் ஒன்பதாயிரத்தில் கால்வாசி கூட ஆகியிருக்காது. முதலில் தரையிலும் பின்சக்கர வளைவின் மேலும் ஒட்டுங்கள், கதவு அப்புறம். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டை மட்டும் காருக்குள் கொண்டு வராதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உருகி நாற்றமடிக்கும். பழைய போர்வை, தேங்காய் நார், தெர்மாகோல் இவற்றையும் அடைக்க வேண்டாம், ஈரத்தைப் பிடித்துத் தரையை அரிக்கும். பானெட்டுக்கு அடியில் துணியோ பஞ்சோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும்.

அண்ணனின் காருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 800-ன் என்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர். 1983 முதல் 2014 வரை செய்தார்கள். மூன்று சிலிண்டரின் லேசான நடுக்கம் பிறவிக்குணம், அது போகாது. ஆனால் ஸ்டியரிங்கே கிடுகிடுவென்று ஆடினால் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கும், மாற்றினால் புது வண்டி மாதிரி இருக்கும்.

எந்தச் சத்தத்தை மூடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் பிடித்தால் 'கீச்' என்று கத்துவது, பல கார்களில் பேட் தேய்ந்துவிட்டதை அறிவிக்க வேண்டுமென்றே வைத்திருக்கும் சின்னத் தகட்டின் குரல். ஸ்டியரிங்கை முழுக்க வளைத்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். சின்னப் பள்ளத்தில் 'டொக்' என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது புஷ், இவை விலை குறைவானவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வீல் என்று அலறுவது பெல்ட். ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் கையையோ துணியையோ கொண்டு போக வேண்டாம், மெக்கானிக் பார்க்கட்டும்.

பெல்ட் என்றதும் மூன்றாவது வரிசையில் சிலர் என்னைப் பார்க்கிறீர்கள். ஆமாம், போன மார்கழி வரை காலை ஐந்து மணிக்கு ஸ்டில்ட் பார்க்கிங்கில் அலறியது என் கார்தான். முதல் மாடியில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை, பகலில் 55. நம் பார்க்கிங் தளத்தில் மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். எந்தச் சத்தமும் போக இடமில்லாமல் மேல் வீட்டுக்குத்தான் ஏறும். ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் ஹார்னையும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள், அதற்கு மெக்கானிக் கூட வேண்டாம், ஒரு வயர்தான்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேரிங், அலைன்மென்ட், கிளாம்ப், ரப்பர், கிராமெட், பெல்ட் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள். பேரிங் தவிர்த்தால் மூவாயிரம் கூட இல்லை. அதே இடத்தில், அதே 60-ல், போன் முன்பு 74 காட்டியது, இப்போது 68. புதுக் கார் ஆகிவிடவில்லை. போன மாதம் பாண்டிச்சேரி போனோம். வடலூர் தாண்டியும் கருவி காதிலேயே இருந்தது. குறிஞ்சிப்பாடி கிட்டே, "ஏங்க, நீங்க இவ்வளவு மெதுவாவா ஓட்டுவீங்க? அந்த லாரியைத் தாண்டுங்களேன்" என்றார். இரண்டு வருடமாக இந்தக் குறையைச் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறார்.

வரும் மாதம் முதல் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மேல், பார்க்கிங்கில் அல்ல, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நான் இருப்பேன். ஜாக்கி, ரப்பர் சுத்தி, சிலிக்கான் கிரீஸ், நான்கைந்து கிளாம்ப் கொண்டு வருகிறேன். வண்டியை முந்தின இரவே அங்கே கொண்டு வந்து ஆறவிடுங்கள், டிக்கியைக் காலி செய்துவிட்டு வாருங்கள். பத்து ரூபாய் நோட்டு உங்களுடையது. சுண்டல் வந்துவிட்டது போலிருக்கிறது.